கர்ரி: ஐந்தெழுத்துக்குள் அடுப்படியும் குதிரை லாயமும்

பாளையங்கோட்டைப் பக்கம் கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் பரணில் கிடக்கும் ஸ்கிராபிள் பெட்டி கீழே இறங்கும்; மதிப்பெண் போட்ட ஆங்கில எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைக்கும் ஆட்டம் அது. ஆட்டம் சூடு பிடித்த பிறகு சண்டைக்கு வழி செய்கிற சொற்களில் ஒன்று கர்ரி: சி, யு, ஆர், ஆர், ஒய். “ஏலே, அது நம்ம கறில்லா, அது எப்படி இங்கிலீஷ் ஆவும்?” என்று ஒரு கட்சி. “ஓட்டல் மெனுவுல போட்டிருக்காம்லா, பொறவு என்ன?” என்று மறு கட்சி. ஓட்டல் அட்டையும் சாட்சி ஆகாது, ஊர்ப் பற்றும் சாட்சி ஆகாது. ஆட்டத்துக்கு ஒப்புக்கொண்ட சொற்பட்டியலில் அந்த எழுத்துக்கூட்டு இருக்கிறதா என்பது ஒன்றே கேள்வி. கர்ரி எல்லாப் பட்டியலிலும் இருக்கிறது.

அதோடு முடிகிற விஷயமாக இருந்தால் எழுத ஒன்றுமில்லை. இந்த ஐந்தெழுத்துக்குள் ஒன்றுக்கொன்று ரத்த உறவே இல்லாத இரண்டு சொற்கள் குடியிருக்கின்றன. ஒன்று தமிழ் அடுப்படியிலிருந்து போனது, மற்றது பிரெஞ்சுக்காரன் குதிரை லாயத்திலிருந்து வந்தது. கர்ரியின் எந்தெந்த வடிவங்கள் பலகையில் செல்லும், எவை செல்லாது என்பதை இந்த இரட்டைப் பிறப்புதான் தீர்மானிக்கிறது. பொருள் தெரியாமலும் ஸ்கிராபிள் ஆடலாம். பொருள் தெரிந்தவர் கையில் அதே ஐந்து எழுத்து இன்னும் நாலு இடத்துக்கு நீளும்.

முதலில் பட்டியல்கள். இந்தியாவில் நடக்கும் போட்டிகளில் காலின்ஸ் சொற்பட்டியல்தான் நடைமுறை. இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் அதுவே. அதன் 2024 பதிப்பில் ஏறக்குறைய 2,80,000 சொற்கள். அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் தனிப் பட்டியல். அது 2 லட்சத்தைத் தொடவில்லை. அமெரிக்கப் பட்டியலில் இருப்பது பெரும்பாலும் காலின்ஸிலும் இருக்கும். காலின்ஸில் இருப்பதெல்லாம் அங்கே இருக்காது. கைபேசியில் ஆடும் வேர்ட்ஸ் வித் ஃப்ரெண்ட்ஸ் தனக்கென ஒரு பட்டியலும் தனி எழுத்து மதிப்பும் வைத்திருக்கிறது. ஸ்கிராபிளில் 10 மதிப்பெண் தரும் கர்ரி அங்கே 11 தரும். எல்லாப் பட்டியலுக்கும் பொதுவான விலக்குகள் சில உண்டு: பெரிய எழுத்தில் மட்டுமே எழுதப்படும் பெயர்கள், சுருக்கங்கள், இடையில் கோடோ மேலே காற்புள்ளியோ தேவைப்படும் சொற்கள். வேற்று மொழியிலிருந்து வந்தது என்பது ஒரு குறையே கிடையாது. ஆங்கில அகராதிக்காரர் அதைத் தம் சொல்லாக ஏற்றுக்கொண்டிருந்தால் போதும்.

இனி அடுப்படிக் கர்ரி. தமிழ்க் ‘கறி’ போர்த்துக்கீசியர் வாயில் ‘கரில்’ ஆகி ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறியது என்பது பெரிய அகராதிகள் ஏற்கும் வழி. லின்ஸ்கோட்டன் என்ற டச்சுப் பயணியின் இந்தியக் குறிப்புகள் 1598இல் ஆங்கிலத்தில் வந்தன. இங்குள்ளவர்கள் மீனைச் சாறாகக் காய்ச்சிச் சோற்றில் ஊற்றிச் சாப்பிடுகிறார்கள், பழுக்காத திராட்சையைப் போட்டு வேகவைத்தது போலக் கொஞ்சம் புளிக்கும், ஆனால் ருசியாக இருக்கும், அதற்குப் பெயர் ‘கரியெல்’ என்று அதில் இருக்கிறது. அவர் பார்த்தது மேற்குக் கரையில். ஆனால் தாமிரபரணிக் கரையில் யார் அதைப் படித்தாலும் புளி கரைத்து ஊற்றிய மீன்குழம்பைத்தான் நினைப்பார்கள். 1747இல் லண்டனில் அச்சான ஹன்னா கிளாஸின் சமையல் புத்தகத்தில் இந்திய முறையில் கர்ரி செய்வதற்குக் குறிப்பு வந்துவிட்டது. 1810இல் சேக் தீன் முகமது லண்டனில் இந்திய உணவகமே திறந்தார். 1886இல் யூலும் பர்னலும் தொகுத்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, சோறு தனியாகச் சப்பென்றிருக்கும், அதற்கு ருசி சேர்க்கவே கர்ரி என்று விளக்கம் சொல்லி, வேராகத் தமிழ்க் கறியைக் காட்டுகிறது.

நம் பக்கத்தில் இந்தச் சொல்லின் புழக்கம் ஆங்கிலத்தைவிடக் குறுகலானது. ஞாயிற்றுக்கிழமை காலையில் “கறி எடுத்தாச்சா?” என்றால் ஆட்டுக்கறி. சைவ வீட்டில் ‘வாழைக்காய்க் கறி’ என்றால் தொட்டுக்கொள்ள வைக்கும் காய். ஊற்றிச் சாப்பிடுவதைக் கறி என்று யாரும் சொல்வதில்லை. அது குழம்பு, சொதி, புளித்தண்ணி. கல்யாண வீட்டு மறுவீட்டு விருந்தில் தேங்காய்ப் பால் ஊற்றிய சொதியைக் ‘கர்ரி’ என்று அறிமுகம் செய்தால் பந்தியில் சிரிப்பார்கள். இன்னும் பின்னால் போனால் சங்கப் பாட்டில் கறி என்பது மிளகு. யவனர் கப்பல் பொன்னோடு வந்து ‘கறியொடு பெயரும்’ முசிறியை அகநானூறு 149ஆம் பாட்டு சொல்கிறது. ஆக மிளகும் கறிதான், இறைச்சியும் கறிதான், தொடுகறியும் கறிதான். ஆங்கிலேயர் இந்த மூன்றையும் விட்டுவிட்டு, நாம் அப்படிச் சொல்லாத குழம்புக்கு அந்தப் பெயரை வைத்துக்கொண்டார்கள்.

டப்பாவில் விற்கும் கர்ரிப் பொடியில் பெரும்பாலும் மல்லி, மஞ்சள், சீரகம், வெந்தயம், வத்தல். கறிவேப்பிலை அதில் கட்டாயமில்லை. பெயர் ஒற்றுமையைப் பார்த்து அந்த இலையை அரைத்துத்தான் பொடி செய்கிறார்கள் என்று வெளிநாட்டில் பலர் நம்புவது வேறு கதை. ஆட்டத்துக்கு இதில் ஒரு பாடம் உண்டு. கர்ரிப் பொடி, கர்ரி இலை இரண்டும் ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள். சேர்த்து எழுதிப் பலகையில் வைத்தால் எடுக்க வேண்டியதுதான்.

மற்றக் கர்ரி இதைவிட மூத்தது. ‘ஒழுங்குபடுத்து, தயார் செய்’ என்ற பொருளில் பழைய பிரெஞ்சில் இருந்த ஒரு வினைச்சொல் 13ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ஆங்கிலத்தில் புகுந்து, குதிரையைத் தேய்த்துச் சுத்தம் செய்வதற்குப் பெயரானது. அதாவது லின்ஸ்கோட்டனின் மீன்சாறு ஆங்கிலத்துக்குப் போய்ச் சேர்வதற்குச் சுமார் 300 ஆண்டு முன்பே அங்கே ஒரு கர்ரி இருந்தது. குதிரைக்குப் பயன்படும் கருவிக்குக் கர்ரிகோம்ப் என்று பெயர். தலை வாரும் சீப்பு மாதிரி இருக்காது. உள்ளங்கையில் அடங்கும் தகடு, அதில் வரிசை வரிசையாகக் குட்டைப் பற்கள். இரும்பிலும் உண்டு, ரப்பரிலும் உண்டு. கழுத்திலிருந்து பின்பக்கம் நோக்கி வட்டம் வட்டமாகத் தேய்த்தால் காய்ந்த சேறும் உதிர்ந்த முடியும் மேலே வரும். அதன் பிறகுதான் நீள்முடிப் பிரஷ். முகத்திலும் முழங்காலுக்குக் கீழேயும் இரும்புச் சீப்பைப் போடக் கூடாது. அங்கே தோலுக்கு அடியில் சதை இல்லை, எலும்புதான்; பல் பட்டால் காயம், குதிரையும் உதைக்கும். அதனால் இரும்புச் சீப்பை இப்போது பெரும்பாலும் பிரஷில் ஒட்டிய அழுக்கைச் சுரண்டத்தான் வைத்துக்கொள்கிறார்கள்.

குதிரைக்கும் நம் சீமைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டுவிடக் கூடாது. தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தருகே இருந்த காயல் துறைமுகம் பாண்டியர் காலத்தில் அரபுக் குதிரைகள் வந்திறங்கிய இடம். 1986இல் மாவட்டம் பிரியும்வரை அது திருநெல்வேலிக் கணக்கில்தான் இருந்தது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ இரண்டு விஷயங்களை வியந்து எழுதுகிறார்: இவ்வளவு விலை கொடுத்து வாங்கும் குதிரைகளை இவர்களுக்குப் பராமரிக்கத் தெரியவில்லை, வேகவைத்த சோற்றையும் இறைச்சியையும் தின்னக் கொடுக்கிறார்கள். தேய்த்துவிட வேண்டிய குதிரைக்குக் கறிச்சோறு போட்டிருக்கிறார்கள்! இரண்டு கர்ரிகளும் நேருக்கு நேர் சந்தித்த இடம் என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் அது காயல்தான். இந்தக் குறிப்பை 1871இல் ஆங்கிலத்தில் தந்தவர் அதே ஹென்றி யூல். பதினைந்து ஆண்டு கழித்துத் தம் அகராதியில் கறிக்கு வேர் காட்டியவரும் அவர்தான்.

குதிரையைத் தயார் செய்தது போலவே தோலைத் தயார் செய்வதும் கர்ரி ஆனது. இது பதனிடுதலுக்கு அடுத்த கட்டம், இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. நம் நாட்டில் ஆவாரம் பட்டைச் சாற்றில் ஊறப்போட்டுத் தோலைப் பதனிடுவார்கள். அப்படிப் பதனான தோல் அழுகாது, ஆனால் விறைப்பாக இருக்கும், மடித்தால் வெடிக்கும். கர்ரி செய்பவர் அதை நனைத்து, உட்பக்கத்தை அகலக் கத்தியால் சீவி ஒரே கனத்துக்குக் கொண்டுவருவார். பலகையில் விரித்துச் சுருக்கம் போக அழுத்தித் தேய்ப்பார். ஈரம் இருக்கும்போதே மாட்டுக்கொழுப்பும் காட் மீன் எண்ணெயும் கலந்த பூச்சைத் தடவித் தொங்கவிடுவார். தண்ணீர் மெதுவாக வெளியேற, அது விட்ட இடத்தில் எண்ணெய் உள்ளே இறங்கும். முழுக்கக் காய்ந்த தோலில் தடவினால் மேலேயே திட்டுத் திட்டாக நின்றுவிடும். வெயிலில் வேகமாகக் காயவிட்டாலும் அதே கதி. குதிரைச் சேணம், இடைவார், செருப்பின் மேல்தோல் எல்லாம் இந்தக் கைவழியாகத்தான் வந்தன. இந்தத் தொழிலாளிக்குப் பெயர் கர்ரியர். லண்டனில் இவர்களுடைய பழைய தொழிற்சங்கம் பெயரளவில் இன்றும் இருக்கிறது.

ஒருவருக்கு முகத்துதி செய்து காரியம் சாதிப்பதை ஆங்கிலத்தில் ‘கர்ரி ஃபேவர்’ என்பார்கள். சமையலறையில் மசாலா தூவி மயக்குவது என்று நம்மவர்கள் பொருள் சொல்வது உண்டு. உண்மையில் அது குதிரைதான். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்ஸில் எழுந்த ஒரு கிண்டல் காவியத்தில் ஃபோவெல் என்றொரு குதிரை அரண்மனைக்குள் வந்து அமர்ந்துகொள்கிறது. அதன் பெயரின் ஆறு எழுத்தும் ஆறு தீக்குணங்களின் முதலெழுத்துகள். முகத்துதி அவற்றில் முதலாவது. பெரிய மனிதர்கள் வரிசையில் நின்று அந்தக் குதிரையைத் தேய்த்துவிடுகிறார்கள். ஃபோவெலைத் தேய்ப்பது ஆங்கிலத்தில் ‘கர்ரி ஃபேவல்’ ஆயிற்று. குதிரை மறந்துபோன பிறகு ஃபேவல் புரியாமல் ஃபேவர் ஆயிற்று. நம் ‘காக்கா பிடிக்கிற’துக்கும் கால் கை பிடித்ததுதான் மூலம் என்று வழங்கிவரும் விளக்கம் இதே பாணியில் இருப்பதைக் கவனிக்கலாம்.

இப்போது பலகைக்கு வரலாம். அடுப்படிக் கர்ரியிலிருந்து கிடைப்பவை பன்மை கர்ரீஸ், மசாலாவில் சமைத்த என்ற பொருளில் கர்ரீட், சமைத்தல் என்ற பொருளில் கர்ரியிங். இந்த மூன்றையும் லாயத்துக் கர்ரியும் தரும். லாயமும் தோல் கிடங்கும் மட்டும் தந்தவை கர்ரியர், அதன் பன்மை, தோல் பக்குவத் தொழிலைக் குறிக்கும் கர்ரியரி, குதிரைச் சீப்பான கர்ரிகோம்ப். இவை எல்லாம் இரு பட்டியல்களிலும் செல்லும். வீட்டு ஆட்டத்தில் கர்ரியர் என்று வைத்தால் ‘கூரியருக்கு எழுத்துப் பிழை’ என்று சொல்லிக் கட்டையை எடுக்க வைக்கிறார்கள். எடுக்க வேண்டாம்.

செல்லாதவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். கடைசி ஒய்யை மாற்றாமல் எஸ் போட்டு எழுதும் பன்மை செல்லாது. இங்கிலாந்தில் அந்தப் பெயரில் ஒரு மின்சாதனக் கடைத் தொடர் இருப்பதால் கண்ணுக்குப் பழக்கமாக இருக்கும், ஆனால் கடைப் பெயர் பெயர்தான். ஃபர்ரி என்ற பண்புச்சொல் ஃபர்ரியர், ஃபர்ரியஸ்ட் என்று நீள்வதைப் பார்த்துவிட்டு, கர்ரியஸ்ட் என்று வைப்பது அடிக்கடி நடக்கும் தவறு. கர்ரி பண்புச்சொல் கிடையாது. கர்ரியர் என்பது ஆளைக் குறிக்கிறதே தவிர ‘இன்னும் அதிகக் கறியான’ என்று பொருள் தரவில்லை. நம் உச்சரிப்புப்படி கே, ஏ, ஆர், ஐ என்று எழுதினாலும் செல்லாது. நடுவில் இன்னொரு ஆர் சேர்த்தால் செல்லும், ஆனால் அது ஆஸ்திரேலியாவில் வளரும் ஒரு யூகலிப்டஸ் மரம்.

கணினிப் படிப்பில் கர்ரியிங் என்றொரு கருத்து உண்டு: பல உள்ளீடு வாங்கும் ஒரு சார்பை, ஒவ்வொன்றாக வாங்கும் சார்புகளின் தொடராக மாற்றுவது. அமெரிக்கத் தர்க்கவியலாளர் ஹாஸ்கல் கர்ரியின் (1900–1982) பெயரால் வந்தது. பொறியியல் மாணவர்கள் இதைச் சொல்லி வாதாடுவார்கள். சொல் செல்லும், ஆனால் குதிரைக்காரன் புண்ணியத்தில்; ஹாஸ்கல் கர்ரியை வைத்து வாதம் செய்யத் தேவையே இல்லை.

முதல் ஆட்டமே உங்களுடையது, கையிலுள்ள ஏழு கட்டைகளில் சி, யு, ஆர், ஆர், ஒய் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நடு வரிசையில் இடமிருந்து எட்டாவது கட்டம் நட்சத்திரம். அதன்மேல் ஓர் எழுத்தாவது இருக்க வேண்டும், சொல்லின் மதிப்பு இரட்டிக்கும். வெறுமனே வைத்தால் 20. அதே வரிசையில் நாலாவது, பன்னிரண்டாவது கட்டங்கள் எழுத்தை இரட்டிப்பவை. நாலாவது கட்டத்தில் தொடங்கினால் 3 மதிப்புள்ள சி இரட்டித்து மொத்தம் 26. நட்சத்திரத்தில் தொடங்கினால் 4 மதிப்புள்ள ஒய் பன்னிரண்டாவதில் விழுந்து மொத்தம் 28. பெரும்பாலானவர்கள் 28ஐப் பார்த்தவுடன் கை வைத்துவிடுவார்கள்.

கொஞ்சம் பொறுக்க வேண்டும். ஒய்க்குப் பிறகு ஐ, என், ஜி என்ற மூன்றையும் எதிராளி வைத்திருந்தால், 13, 14, 15ஆம் கட்டங்களில் அவற்றை அடுக்கிக் கர்ரியிங் ஆக்கிவிடுவார். பதினைந்தாவது கட்டம் மூன்று மடங்குச் சொல். மூன்றே கட்டை செலவழித்து 14 × 3 = 42 மதிப்பெண் அள்ளிக்கொண்டு போவார். நாலாவதில் தொடங்கியிருந்தால் அதே நீட்டிப்புக்கு அவருக்கு வெறும் 14. பயந்து 26ஐ எடுப்பதா என்றால், அதற்கும் ஒரு விலை உண்டு. கர்ரிக்கு முன்னால் எஸ் வந்தால் ஸ்கர்ரி, அதாவது விறுவிறுவென்று ஓடுவது. எஸ் கட்டைகள் 4, எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளக்கூடிய வெற்றுக் கட்டைகள் 2. எதிராளி கையில் ஒன்று இருப்பது சாதாரணம். நாலாவதில் தொடங்கினால் அந்த எஸ் விழும் மூன்றாவது கட்டம் வழியாக மேலிருந்து இறங்கும் நிரலில் இரட்டைச் சொல் கட்டம் உண்டு. எஸ்ஸில் முடியும் ஆறெழுத்துச் சொல் அதைத் தொட்டுவிடும், கூடவே ஸ்கர்ரிக்கு 11. நட்சத்திரத்தில் தொடங்கினால் எஸ் ஏழாவது கட்டத்தில் விழும். அந்த நிரலில் எழுத்தை இரட்டிக்கும் கட்டங்களுக்கு மேல் எதுவும் இல்லை.

எங்கள் கணிப்பு: ஐ, என், ஜி மூன்றும் ஒரே கையில் சேர்வதைவிட ஓர் எஸ் இருப்பது எத்தனையோ மடங்கு எளிது. எனவே 28தான் சரி. அதிலும் ஜி மொத்தமே 3 கட்டைதான். மிச்சமுள்ள இரண்டு எழுத்தில் ஒன்று ஜி என்றால் யோசிக்கவே வேண்டாம், எதிராளியின் வாய்ப்பு சுருங்குகிறது, 9 ஐகளில் ஒன்றுக்காக நீங்களே காத்திருக்கலாம். ஆசைக்கு ஒரு கணக்கு: ஏழாவது கட்டத்தில் தொடங்கி 20 மட்டும் வாங்கிக்கொண்டு, பிறகு சி, ஓ, எம், பி நான்கும் வந்தால் கர்ரிகோம்ப் பதினைந்தாவது கட்டத்தில் போய் முடியும், பன்னிரண்டாவதில் சி இரட்டிக்கும், மொத்தம் 69. பெட்டியில் இருப்பதே இரண்டு சி. ஒன்றை ஏற்கெனவே வைத்துவிட்டீர்கள். இப்படிக் காத்திருப்பவர்கள் தோற்பதைத்தான் பார்க்கலாம்.

ஒய்க்குப் பதில் ஐ, இ, எஸ் இருந்தால் ஏழெழுத்தும் தீரும், 50 போனஸ். அந்த ஏழெழுத்தைக் கலைத்தால் க்ரூசர் வரும், அதுவும் செல்லும். காலின்ஸில் சர்க்கரைக் கிண்ணத்தைக் குறிக்கும் சுக்ரியரும் வரும். முதல் ஆட்டத்தில் மூன்றுக்கும் ஒரே மதிப்புதான், சி நாலாவது கட்டத்தில் விழும்படி வைத்தால் 74. வேறுபாடு ஹூக்கில், அதாவது வைத்த சொல்லின் முன்னோ பின்னோ ஓர் எழுத்தை ஒட்டுவதில் இருக்கிறது. க்ரூசருக்குப் பின்னால் எஸ் ஒட்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கர்ரீஸுக்கு எஸ் ஒட்டுவது முன்பக்கம், ஸ்கர்ரீஸ் என்று. அதைச் சட்டென்று யாரும் பார்ப்பதில்லை. தெரியாத எதிராளிக்கு எதிரே கர்ரீஸ் பத்திரமானது. பலகையில் ஏற்கெனவே யாராவது சி, யு, ஆர் என்று வைத்திருந்தால் (தெருநாய்) அதோடு ஓர் ஆர் சேர்த்துப் பூனை உறுமுவதைக் குறிக்கும் நாலெழுத்தாக்கலாம், ஒய் சேர்த்துக் கர்ரியாக்கலாம், முன்னால் எஸ் வைத்து ஸ்கர்ரியாக்கலாம். ஒரு நாயிலிருந்து இத்தனை படி.

கர்ரிக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் நம் சமையலறையில் இன்னும் சிலவற்றுக்கும் கிடைத்திருக்கிறது. கஞ்சி அப்படி ஒன்று. சி, ஓ, என், ஜி, இ, இ என்ற எழுத்துக்கூட்டில் அது செல்லும். அதே எழுத்துக்கூட்டில் குனிந்து வணங்கி விடைபெறுவதற்குப் பிரெஞ்சுவழி வந்த ஒரு வினையும் இருப்பதால் கடைசியில் டியும் ஒட்டும், ஐஎன்ஜியும் ஒட்டும். சாம்பாரின் எழுத்துக்கூட்டு செல்வது சாம்பாரால் இல்லை, மானால். களக்காடு முண்டந்துறைக் காட்டில் நாம் மிளா என்று சொல்கிற மானுக்கு ஆங்கிலப் பெயர் அதுதான். பிக்குப் பின் ஹெச் சேர்த்தாலும் செல்லும், கடைசி ஏயை யு ஆக்கினாலும் செல்லும். இட்லி இன்னும் வேடிக்கை. ஐ, டி, எல், ஐ என்று எழுதினால் காலின்ஸில் அது இட்லிதான், 5 மதிப்பெண், எஸ் போட்டுப் பன்மையாக்கலாம். நம்மூர் ஓட்டல் போர்டில் இருப்பது போல ஒய்யில் முடித்தாலும் செல்லும், 8 மதிப்பெண். ஆனால் அங்கே அது ‘சோம்பலாக’ என்ற சொல். அதனால் பின்னால் எஸ் போட முடியாது. தோசைக்கு டி, ஓ, எஸ், ஏ. அதன் பின்னால் ஐ சேர்த்து நாம் உச்சரிப்பது போலவே எழுதலாம், ஆனால் காலின்ஸ் அதைப் பன்மையாக வைத்திருக்கிறது, எனவே இன்னொரு எஸ் ஏறாது. அல்வாவுக்குக் கடைப் பலகை எழுத்தைப் பார்க்காமல் நடுவில் வி போட்டு ஆடுங்கள், 11 மதிப்பெண். சொதி, குழம்பு இரண்டுக்கும் இடமில்லை. குழம்பை இசட், ஹெச் போட்டு எழுதினால் எத்தனை மதிப்பெண் என்று கணக்குப் போட்டு ஏங்க வேண்டாம்.

தினம் ஒரு சொல் கண்டுபிடிக்கும் வேர்டில் ஆட்டத்திலும் கர்ரி பிடித்துக்கொள்ளும் இடம் உண்டு. 2022இல் நியூயார்க் டைம்ஸ் வாங்கிய இந்த ஆட்டத்தில் ஐந்தெழுத்துச் சொல்லுக்கு ஆறு முயற்சி. போட்ட எழுத்து சரியான இடத்தில் இருந்தால் பச்சை, விடையில் வேறு இடத்தில் இருந்தால் மஞ்சள், இல்லாவிட்டால் கறுப்பு. சி, யு, ஆர், வெற்றிடம், ஒய் என்று நாலும் பச்சையாகிவிட்டால் வெற்றி கைக்குள் என்று தோன்றும். அந்த வெற்றிடத்தில் ஆர் வந்தால் கர்ரி, எல் வந்தால் கர்லி, வி வந்தால் கர்வி. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து மூன்று முயற்சியைத் தொலைக்காமல், லார்வா என்று ஒரே சொல் போடலாம். எல் மஞ்சளானால் சுருட்டைமுடி, வி பச்சையானால் வளைவு, இரண்டும் கறுத்தால் கர்ரி. வெற்றிடம் முதலெழுத்தில் என்றால் ஹர்ரி, ஃபர்ரி, கர்ரி மூன்றும் போட்டியிடும். அதற்கு சி, ஹெச், எஃப் மூன்றையும் கொண்ட சேஃப் (சி, ஹெச், ஏ, எஃப், இ) உதவும். கடின முறையில் ஆடுபவர்களுக்கு இந்த வழி கிடையாது, தெரிந்த எழுத்தை விட்டுவிட்டு வேறு சொல் போட ஆட்டம் அனுமதிக்காது. இரட்டை ஆர் இன்னொரு குழப்பம் தரும். விடையில் ஓர் ஆர் மட்டும் இருந்து நீங்கள் கர்ரி போட்டால் ஒன்றுக்குத்தான் நிறம் விழும், மற்றது கறுக்கும். கறுத்ததைப் பார்த்து ஆரே இல்லை என்று முடிவுகட்டுபவர்கள் நிறைய.

ஸ்கிராபிளில் சந்தேகம் வந்தால் என்ன செய்வது என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். காலின்ஸா அமெரிக்கப் பட்டியலா என்பது முதல் ஒப்பந்தம். எதிராளி வைத்த சொல் செல்லாது என்று தவறாகச் சவால் விட்டால் என்ன தண்டனை என்பது இரண்டாவது. அமெரிக்க முறையில், சொல் செல்லும் என்றால் சவால் விட்டவர் தம் முறையை இழக்கிறார். மற்றப் போட்டிகளில் பெரும்பாலும் சில மதிப்பெண்களோடு போகிறது. சொல்லைப் பார்க்கும் நடுவர் ‘செல்லும், செல்லாது’ என்று மட்டும் சொல்வார், பொருள் சொல்ல மாட்டார், வைத்தவரிடம் பொருள் கேட்கவும் கூடாது. திண்ணை ஆட்டத்தில் “பொருள் சொல்லு, இல்லாட்டி கட்டையை எடு” என்கிற அண்ணாச்சிகள் உண்டு. அவர்களுக்கு எதிரே கர்ரியர் வைப்பவர் ஆவாரம் பட்டையையும் மாட்டுக்கொழுப்பையும் கையோடு தயாராக வைத்துக்கொள்வது நல்லது.